ரப்பரா, பாலியா, அலுமினியமா? பழைய செவெலுக்கு பாடி புஷ் வாங்குவதற்கு முன்

என் 1970 செவர்லே செவெலின் பின்பக்க பம்பருக்கும் அதற்கு மேலே இருக்கும் பாடிக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. இடது ஓரத்தில் அதற்குள் சுண்டு விரல் தாராளமாகப் போகும். வலது ஓரத்தில் நகம்கூட நுழையாது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ ரிவர்ஸில் இடித்து பம்பரைக் கோணலாக்கிவிட்டார் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பம்பர் நேராகத்தான் இருக்கிறது. அது சேஸில் மாட்டியது, இருந்த இடத்திலேயே இருக்கிறது. இறங்கியிருப்பது பாடி. வலது பின் மூலையில் பாடியைத் தாங்க வேண்டிய ரப்பர் புஷ், பிழிந்து காயப்போட்ட எலுமிச்சை மூடி மாதிரி வெடித்து, பாதி உயரத்துக்கு அமுங்கிக் கிடந்தது.

நம் ஊரில் அம்பாசடரும் பத்மினியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாமானே புதிது. அந்த வண்டிகளில் பாடியேதான் சேஸ். நடுவில் ரப்பர் வைக்க இடமே கிடையாது. ஜீப், சுமோ, குவாலிஸ் வைத்திருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம், மேலே பாடி, இரண்டையும் சேர்ப்பது வரிசையாக ரப்பர் புஷ். ஜெனரல் மோட்டார்ஸ் 1964 மாடலாக இறக்கிய செவெல் அந்த ஜாதி. பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், ப்யூக் ஸ்கைலார்க் எல்லாம் இதன் பங்காளிகள்தான். 1968இல் உருவம் மாறி 1972 வரை ஓடிய தலைமுறையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். மற்ற பங்காளிகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான், ஆனால் கிட் (முழு வண்டிக்கான புஷ் செட்) வாங்கும்போது மாடலும் வருஷமும் பார்த்தே வாங்க வேண்டும்.

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் புஷ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பாதி விவாதம் அதிலேயே முடிந்துவிடும். போல்ட் ஏறும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு துண்டு. மேல் மெத்தை சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்து எடையைத் தாங்குகிறது. கீழ் மெத்தை சேஸின் காதுக்கு அடியில் இருந்து, பாடி மேலே எகிறாமல் பிடித்துக்கொள்கிறது. நடுவே ஓர் இரும்புக் குழல். அதற்குள் கீழிருந்து போல்ட் ஏறி, தரைத் தகட்டுக்குள் கூண்டு போட்டு வைத்திருக்கும் நட்டில் பிடிக்கும். போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாஷர் அந்தக் குழலில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் ரப்பர் நசுங்காது. அந்தக் குழல் துருவில் கரைந்து குட்டையாகியிருந்தாலோ, முன்பு வேலை பார்த்தவர் அதைத் தொலைத்திருந்தாலோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புஷ்ஷையும் போல்ட் பிதுக்கித் தள்ளிவிடும். கிட்டில் குழலும் சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பது, ரப்பரா பாலியா என்ற கேள்வியைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பம்பர் இடுக்கைச் சொல்லிவிட்டேன். கதவு சாத்தும்போது கொண்டியில் உரசுகிறதா, கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாசல் மேட்டில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். இன்னோர் இடம் பானெட்டுக்குள்: ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்தது, ஃபேன் எஞ்சினோடு சேர்ந்தது, எஞ்சின் சேஸில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு புஷ்ஷும் அமுங்கினால், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு கீழே இறங்கும். என் வண்டியில் அந்தக் கூட்டின் மேல் விளிம்பில், உள்பக்கமாக, ஃபேன் இறக்கை சீவிய வளைந்த தடம் ஒன்று இருந்தது. எஞ்சின் மவுண்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டு மாற்றினேன். தண்டச் செலவு.

சரி, கடையில் கிடைப்பவை மூன்று வகை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் விசாரித்தபோது முழு செட் ஏறக்குறைய 150 டாலரிலிருந்து 300 டாலருக்குள் மூன்றுமே வந்தன. ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் சிக்கலே. பணம் முடிவு செய்யாதபோது மனுஷன் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய ஆரம்பித்துவிடுகிறான். பாலி சிவப்பிலும் வருகிறது, அலுமினியம் பளபளக்கிறது, ரப்பர் பாவம் கறுப்பாகவே இருக்கிறது.

ரப்பரின் கடினம் ஷோர் ஏ அளவில் சாதாரணமாக 50க்கும் 70க்கும் இடையில் இருக்கும். கார் டயரின் மேல்பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் ஏறக்குறைய அந்த உணர்வுதான். செவெல் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் ரப்பரோடுதான். சாலையின் சொரசொரப்பு, எஞ்சினின் அதிர்வு, பின் ஆக்ஸிலின் முனகல் எல்லாம் முதலில் சேஸுக்கு வரும். அங்கிருந்து பாடிக்குப் போகும் வழியில் ரப்பர் அதை விழுங்கிவிடும். நான் வண்டி ஓட்டும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கத்து நெடுஞ்சாலைகளில் கான்கிரீட் பலகைகளின் இணைப்பு வரிசையாக வரும் இடங்களில் ஓட்டினால், நல்ல ரப்பர் உள்ள வண்டியில் அந்த டக்-டக் காதுக்குத்தான் கேட்கும், உட்காரும் இடத்தில் தெரியாது.

ரப்பரிடம் இன்னொரு குணம் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அது மன்னிக்கும். ஐம்பது வருஷம் உப்பில் நனைந்த சேஸின் காது சமதளமாக இருக்காது. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்தாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள் தன்னை நுழைத்துக்கொண்டு உட்காரும். கெட்டியான பொருள் மேட்டில் மட்டும் உட்கார்ந்து மற்ற இடத்தில் காற்றாட நிற்கும்.

குறை என்றால் ஆயுள். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும், எண்ணெய் கசிந்தால் ஊதும், வருஷக்கணக்கில் எடை தாங்கினால் அமுங்கிய உயரத்திலேயே நின்றுவிடும். தரமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. கையில் எடுத்து நகத்தால் அழுத்தினால் மாவு மாதிரி அமுங்கும் ரப்பரும் விற்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது பாலியூரித்தேன், பட்டறையில் எல்லோரும் பாலி என்றுதான் சொல்வார்கள். கடினம் 80க்கு மேல், 90ஐத் தொட்டும் வரும். ஸ்கேட்போர்டு சக்கரத்தை நகத்தால் கீறியிருக்கிறீர்களா? அதேதான், அதே பொருள்தான். எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் அசையாது. உயரம் சட்டென்று இறங்காது. பாடியையும் சேஸையும் இறுக்கமாகக் கட்டுவதால் வளைவில் வண்டி ஒரே உடம்பாகத் திரும்பும். ஸ்டீயரிங் திருப்பியதற்கும் மூக்கு நகர்வதற்கும் இடையில் இருந்த சின்னச் சோம்பல் போய்விடும்.

பாலி கீச்சிடும் என்று ஒரு பேச்சு உண்டு. சஸ்பென்ஷன் புஷ்ஷில் அது உண்மை, ஏனென்றால் அங்கே உலோகம் அதற்குள் சுழல்கிறது. கிரீஸ் காய்ந்தால் கத்தும். பாடி மவுண்டில், அதாவது இந்த பாடி புஷ்ஷில், சுழற்சி இல்லை, வெறும் அழுத்தம்தான். அங்கே கீச்சு பெரிய பிரச்சினை அல்ல. உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது: ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த சன்னமான அதிர்வு பாடிக்குள் வந்துவிடும். டேஷ்போர்டில் லூசாக இருந்தும் இதுவரை வாய் திறக்காத கிளிப்பெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

மூன்றாவது அலுமினியம். இதை புஷ் என்றே சொல்லக்கூடாது, லேத்தில் கடைந்த கட்டை. பாடியும் சேஸும் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். ஹார்ட்டாப், அதாவது நிலையான கூரை உள்ள செவெலின் சேஸ் ஓரச் சட்டம் பெட்டிபோல மூடியது அல்ல, ஒரு பக்கம் திறந்த வடிவம். பாடியோடு சேர்த்துப் பூட்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து விறைப்பு கூடுகிறது. கூம்பு வைத்த மைதானத்தில் நேரம் பார்த்து ஓட்டுகிறவர்கள் இதைத் தேடுவதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் இது தெருவில் ஓடும் பழைய வண்டிக்குப் பொருத்தமா? செவர்லேயின் சொந்த அனுபவத்தையே பாருங்கள். கார்வெட்டில் அலுமினிய மவுண்டும் ஷிம்மும் (உயரம் சரிசெய்ய இடையில் செருகும் தகடு) வைத்துப் பாடியை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். 1973 மாடலில் அதைத் தூக்கிவிட்டு ரப்பருக்கு மாறினார்கள், உள்ளே சத்தம் குறையட்டும் என்று. ஸ்போர்ட்ஸ் காருக்கே அந்தக் கதி. அப்புறம் மிச்சிகன் உப்பு வேறு இருக்கிறது. டெட்ராய்ட் நகருக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனிக்காலத்தில் அதைத்தான் சாலையில் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் ஒட்டி நின்றால் அரிப்பு வேகமாகும்; வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒன்றாகக் கடித்துக்கொள்ளும். மாதிரிக்கு ஒன்றே ஒன்று வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன், பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இன்னொரு யோசனை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது: செத்துப்போன இரண்டை மட்டும் மாற்றினால் என்ன? வேண்டாம். மீதி எல்லாம் வருஷக்கணக்கில் அமுங்கிய உயரத்தில் நிற்கும்போது நடுவில் இரண்டு புதுசு உயரமாக நின்றால், நான்கு காலில் ஒரு காலுக்கு மட்டும் கட்டை வைத்த மேஜை கதைதான். பாடி முறுக்கிக்கொள்ளும், கதவு இடுக்கு இன்னும் கெடும். ரேடியேட்டர் சட்டத்தின் இரண்டு புஷ்ஷை மட்டும் அவசரத்துக்குத் தனியாக மாற்றலாம், ஃபேன் உரசல் உடனே நிற்கும். அதற்கும் முன்பக்க ஃபெண்டர்களின் உயரம் மாறும், பானெட் இடுக்கைத் திரும்பப் பார்க்க வேண்டிவரும். கீழே ரப்பர், மேலே பாலி என்று கலப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு அமுங்கும் என்ற கணக்கே போய்விடும்.

முடிவைப் பொருள் தீர்மானிக்காது, கூரை தீர்மானிக்கும் என்று எனக்குப் புரிந்தது பக்கத்து ஊரான டிராயில் இருக்கும் அண்ணன் ஒருவரின் கட்லஸில் போனபோது. அது கன்வெர்டிபிள். கன்வெர்டிபிளுக்கு மேலே நிலையான கூரை இல்லாததால் அந்தக் காலத்திலேயே சேஸின் ஓரச் சட்டத்தைப் பெட்டியாக மூடி, ஹார்ட்டாப்பைவிடக் கூடுதல் இடங்களில் பாடியைப் பிடித்தார்கள். அதனால் கிட்டும் வேறு, எண்ணிக்கையும் வேறு. இவ்வளவு செய்தும், புஷ் தளர்ந்த கன்வெர்டிபிளில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் முன் கண்ணாடியின் சட்டமும் ஸ்டீயரிங் தூணும் ஆளுக்கொரு திசையில் ஆடும். ராத்திரி நேரம், பின்னால் வந்த லாரியின் விளக்கு உள் கண்ணாடியில் ஒரு புள்ளியாக நிற்காமல் கோடாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“பாலி போட்டுவிடுங்கண்ணே, உங்களுக்கு அதுதான்” என்றேன்.

“சத்தம் வருமே தம்பி?”

“கூரையைத் திறந்துபோட்டுத்தானே ஓட்டுறீங்க. காற்றுச் சத்தத்துக்கு மேலேயா கேட்கப்போகுது?”

போட்டார். தண்டவாளத்தில் இப்போதும் ஆடுகிறது, ஆனால் விளக்கு புள்ளியாகவே இருக்கிறது. அறுபது மைலில் மட்டும் கிளவ் பாக்ஸ் மூடி முணுமுணுக்கிறது, அதற்குள் ஒரு துண்டு ஃபெல்ட் துணியை மடித்து வைத்திருக்கிறார்.

என்னுடையது ஹார்ட்டாப். கூரை இருக்கிறது, விறைப்பு போதும். ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு. பின்சீட்டில் என் அம்மா உட்காருவார். ரேஸ் ஓட்டும் எண்ணம் இல்லை. ஆகவே எனக்கு ரப்பர். ஹார்ட்டாப்பை வைத்துக்கொண்டு வளைவுகளில் உண்மையிலேயே வேகமாகப் போகிறவர், சஸ்பென்ஷனும் மாற்றியவர், பாலிக்குப் போகட்டும். மற்றவர்கள் சிவப்பு நிறத்துக்காகப் போக வேண்டாம், அடியில் படுத்து யாரும் பார்க்கப்போவதில்லை.

இனி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது போல்ட்டைப் பற்றி. புஷ் மாற்றும் வேலையில் புஷ்ஷை வைப்பது கால்வாசி வேலைகூட இல்லை. பாடிக்குள் இருக்கும் அந்தக் கூண்டு நட்டு இருக்கிறதே, அதுதான் எல்லாம். துருப்பிடித்த போல்ட்டை அவசரமாகத் திருகினால் இரண்டில் ஒன்று நடக்கும்: போல்ட் தலை முறியும், அல்லது கூண்டு கிழிந்து நட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். சுற்ற ஆரம்பித்துவிட்டால் கீழிருந்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேலே தகட்டை வெட்டித்தான் நட்டைப் பிடிக்க வேண்டும்.

ஒரு பட்டறையில் விலை கேட்டேன். ஒரே நாளில் முடித்துவிடலாம், காற்றுத் துப்பாக்கி வைத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நானே ஐந்து நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் பீய்ச்சினேன். கீழிருந்து அடித்தால் பாதிதான் போகும். கார்ப்பெட்டை விலக்கி, பின்சீட்டைக் கழற்றி, டிக்கிப் பாயைத் தூக்கி, எங்கெல்லாம் மேலிருந்து நட்டு எட்டுகிறதோ அங்கெல்லாம் மேலிருந்து விட்டேன். அப்புறம் நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரால் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முறுக்கி, மறுபடி கால் சுற்று. துரு மாவாகி உதிரும் சத்தம் கையில் தெரியும். ‘கிரீச்’ என்று வந்தால் பயமில்லை. கை திடீரென்று லேசாகிவிட்டால்தான் நெஞ்சு அடிக்கும்.

அப்படி லேசானது ஒன்றே ஒன்று, அதே வலது பின் மூலை. நட்டு சுற்றிவிட்டது. டிக்கித் தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, தகட்டை ஜன்னல் கதவு மாதிரி மேலே மடக்கி, ஸ்பேனரை விட்டு நட்டைப் பிடித்துக் கழற்றினேன். புது நட்டை வெல்டிங் வைத்து, தகட்டைத் திரும்ப மடக்கி ஓரத்தை மூடி, ப்ரைமர் அடித்தாயிற்று. வெல்டிங், டார்ச் எதுவானாலும் கார்ப்பெட்டும் பெட்ரோல் குழாயும் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

பாடியைத் தூக்கும் முன் சேஸுக்கும் பாடிக்கும் குறுக்கே போகும் எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தூணின் இணைப்பு, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, ஹேண்ட்பிரேக் கேபிள், கியர் லிங்கேஜ், பெட்ரோல் ஹோஸ், ஃபேன் கூடு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பாடியில் இருக்கிறது, குழாய்கள் சேஸுக்குப் போகின்றன. தூக்கும்போது ஒரு கண் அதன்மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுக்க எடுத்துவிட்டு, மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் வைத்துக்கொண்டு, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே நீளமான மரப்பலகை கொடுத்து, ஒன்றரை அங்குலம்போல உயர்த்தினால் போதும். பழைய மெத்தை விழும், புதுசு நுழையும். சில இடங்களில் தொழிற்சாலையில் வைத்த ஷிம் தகடு இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவை குப்பை அல்ல. மறுபக்கமும் முடிந்து, எல்லாப் போல்ட்டும் கையால் ஏறி, கதவு இடுக்குகளைப் பார்த்த பிறகுதான் இறுதி முறுக்கு. பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். புது செட்டின் விலை, முறிந்த ஒன்றை எடுக்கும் செலவைவிடக் குறைவு.

பழைய மெத்தையும் புதுசும் பக்கத்தில் வைத்து அளந்தால், என் வலது பின் மூலையில் மட்டும் ஏறக்குறைய அரை அங்குலம் வித்தியாசம். பம்பர் இடுக்கில் இப்போது இரண்டு ஓரத்திலும் சுண்டு விரல் போகிறது. ஃபேன் கூட்டில் புதுத் தடம் இல்லை. 500 மைல் ஓட்டியபின் திரும்ப முறுக்கிப் பார்த்தேன், இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்று வாங்கின. டிரைவர் பக்கக் கதவை இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. அது கீலின் தேய்மானம். அந்த வேலை அடுத்த பனிக்காலத்துக்கு.